முகப்பருவும் சருமப் பாதுகாப்பும்

பருவமடையும் வயதில் உடலில் தோன்றும் மாறுதல்களுள் பிறர் கண்ணுக்கு மிகவும் வெளிப்படையாகத் தெரிவது முகப்பருவாகும். 12 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் வரையில் ஏதேனும் ஒரு சமயத்தில் இதற்கு ஆளாகின்றனர் என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பெரும்பாலோருக்கு இது சில காலம் இருந்து தானே மறைந்துவிடும். சிலருக்கோ ஆண்டுக் கணக்கில் நீடித்து, முகத்தில் தழும்பையும் கரும்படிவையும் விட்டுச் செல்கிறது. உயிருக்கு அபாயமற்ற நோய் என்பதனால் பெரியவர்கள் இதனைப் பொருட்படுத்துவதில்லை. வயதுக் கோளாறு என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். பருவினால் வருந்தும் மாணவனும் மாணவியும் அவ்வாறு விட்டுவிடுவதில்லை. காரமான சோப்பு, எலுமிச்சைச் சாறு, பற்பசை, மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் களிம்பு ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக முகத்தில் பூசிப் பார்க்கின்றனர். பருவினால் விளையும் கேட்டைக் காட்டிலும் இம்முயற்சிகளால் விளையும் கேடு சில வேளைகளில் பெரிதாகிவிடுகிறது.

மருத்துவரை அணுகுவதற்கு முன் இத்தகைய இளைஞர்களைக் காண்போர் பள்ளி ஆசிரியர்களும் கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியர்களுமே ஆவர். பரு எவ்வாறு உண்டாகிறது, சருமத்தை நோகச் செய்யாமல் அதனைக் கட்டுப்படுத்துவது எவ்வாறு, எந்நிலையில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பவற்றை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

பரு உண்டாகும் விதம்

தோலில் உள்ள மயிர்க்கால் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய குழல் போன்ற அமைப்புடையது. அதனை ஒட்டியுள்ள எண்ணெய்ச் சுரப்பி, கொழுப்புச் சத்துள்ள ஒரு கசிவை அக்குழலின் வழியாகத் தோலின் மேற்பரப்புக்கு அனுப்புகிறது. முகம், மார்பு, முதுகின் மேற்பகுதி ஆகிய இடங்களில் இச்சுரப்பிகள் பெரியவையாகவும் நெருக்கமாகவும் இருக்கின்றன. பரு இவ்விடங்களில் மிகுதியாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பருவமடையும் காலத்தில் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்கள் ஆண், பெண் இருபாலாரிடத்தும் மிகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் சுரப்பிகள் பருத்து எண்ணெயை அதிகமாகச் சுரக்கின்றன. அதே சமயத்தில், குழலின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயிலை அடைத்துவிடுகின்றன. அடைப்பின் மேல் தோல் மூடியிருந்தால் அது வெண்ணிற முளையாகவும், வாய் திறந்திருந்தால் கருநிற முளையாகவும் தோன்றும். இக்கருநிறம் அழுக்கன்று, தோலின் நிறப்பொருளும் கொழுப்பும் காற்றுப் பட்டு மாறுதலடைவதால் ஏற்படும் நிறமே அது.

அடைபட்ட குழலுக்குள், எல்லா மனிதரின் தோலிலும் இயல்பாகவே வாழ்ந்து வரும் ஒருவகைப் பாக்டீரியா பெருகுகிறது. நெடுங்காலமாகப் புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னெஸ் என்று வழங்கி வந்த இதற்கு 2016ஆம் ஆண்டில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்று புதுப்பெயர் இடப்பட்டது. இதனால் தூண்டப்படும் அழற்சியே செம்பருவாகவும் சீழ்ப்பருவாகவும் வெளிப்படுகிறது. அழற்சி ஆழமாகிக் குழலின் சுவர் உடைந்தால், சுற்றியுள்ள திசுக்கள் அழிந்து பள்ளமான தழும்பு நிலைத்துவிடும். இப்பாக்டீரியா யாவரிடத்தும் உள்ளதாகையால், பரு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயன்று.

இங்கு முக்கியமாக மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பரு வெளியே தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய அடைப்பாக அது தோலுக்குள் தொடங்கிவிடுகிறது. இன்று முகத்தில் தெரியும் பருவை மட்டும் தாக்குவதனால், அடுத்த மாதம் வெளிவரவிருக்கும் பரு நின்றுவிடுவதில்லை. ஆகவேதான் பருவுக்குரிய பராமரிப்பு முகம் முழுவதற்கும் உரியதாகவும், நாள்தோறும் இடைவிடாமல் செய்யத்தக்கதாகவும், தோல் பல மாதங்கள் தாங்கக்கூடிய மென்மையுடையதாகவும் இருத்தல் வேண்டும்.

கழுவுதலின் அளவு

முகம் அழுக்காக இருப்பதால்தான் பரு வருகிறது என்னும் எண்ணம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இதனால் பருவுள்ளவர்கள் நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை சோப்புப் போட்டு முகத்தைத் தேய்க்கின்றனர்; சொரசொரப்பான துணியாலும் நாராலும் உரசுகின்றனர். அடைப்பு குழலின் உட்புறத்தே உள்ளது; மேலே தேய்ப்பதால் அது அகல்வதில்லை. மாறாக, உரசுதலால் அழற்சி மிகுந்து பரு பெருகுகிறது.

இது குறித்து 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கவனிக்கத்தக்கது. மிதமான பருவுள்ள 27 ஆண்கள் மூன்று பிரிவுகளாக்கப்பட்டு, நாளொன்றுக்கு முறையே ஒரு தடவை, இரண்டு தடவை, நான்கு தடவை மென்மையான பொருளால் ஆறு வாரங்கள் முகம் கழுவி வந்தனர். நான்கு தடவை கழுவியவர்களுக்கு அதனால் தனிப்பட்ட நன்மை ஒன்றும் காணப்படவில்லை. இரண்டு தடவை கழுவியவர்களிடம் கருநிற முளைகள் குறைந்தன. ஆய்வு சிறியதே. எனினும், காலையில் ஒரு தடவையும் இரவில் ஒரு தடவையும் கழுவுதல் போதும் என்று இன்று சரும மருத்துவர்கள் கூறும் யோசனைக்கு இது பொருந்துகிறது. விளையாட்டினாலோ வயல் வேலையினாலோ மிகுதியாக வியர்த்தபின் மற்றொரு தடவை வெறும் நீரால் கழுவிக்கொள்ளலாம்.

கழுவும் பொருளின் தன்மையும் முக்கியமானது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சிறிதளவு அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். எண் ஏறத்தாழ 5 ஆகும். சாதாரண சோப்புக் கரைசலின் பி.எச். எண் 9 முதல் 10 வரை இருக்கும். அதாவது அது காரத் தன்மையுடையது. அடிக்கடி சோப்பிடுவதால் தோலின் மேலடுக்கில் உள்ள பாதுகாப்புக் கொழுப்பு கரைந்து, தோல் இறுகி வறண்டு எரிச்சலடைகிறது. இவ்வாறு நைந்த தோல் பருவுக்குரிய மருந்துகளையும் தாங்குவதில்லை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். வெவ்வேறு சோப்புகளைச் சிறிதளவு சீவி, தனித்தனிக் கிண்ணங்களில் காய்ச்சி வடித்த நீரிற் கரைத்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு லிட்மஸ் தாளைத் தோய்க்க வேண்டும். சாதாரண சோப்புக் கரைசலில் தாள் நீல நிறமாக மாறும். சோப்பு அல்லாத மென்மையான முகக் கழுவு பொருள்கள் சிலவற்றில் அத்தாள் மாறாதிருப்பதைக் காணலாம். விலையும் விளம்பரமும் அன்றி, காரத் தன்மையைக் கொண்டே கழுவு பொருளைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பது இதனால் மாணவர் மனத்திற் பதியும்.

அன்றாட முறை

காலை: மென்மையான கழுவு பொருளைக் கையில் குழைத்து, விரல் நுனிகளால் முகத்தில் மெல்லத் தடவி, குளிர்ந்த நீராலோ வெதுவெதுப்பான நீராலோ கழுவ வேண்டும். வெந்நீர் கூடாது. அத்தகைய பொருளை வாங்க வசதி இல்லாதவர்கள், காலையில் வெறும் நீராலும் இரவில் மட்டும் சிறிதளவு சோப்பாலும் கழுவலாம்; சோப்பு முகத்தில் நிற்காதபடி உடனே கழுவிவிட வேண்டும். பின்னர் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைத்துத் தேய்த்தல் ஆகாது. அதன்பின் எண்ணெய்ப் பிசுக்கற்ற ஈரங்காக்கும் குழம்பைப் பூசி, வெயிலில் செல்வோர் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் களிம்பையும் பூசிக்கொள்ளுதல் நலம். இந்திய மக்களின் தோலில் பரு ஆறியபின் கரும்படிவு எளிதில் உண்டாகிறது. வெயில் அதனை மேலும் கறுக்கச் செய்கிறது. குடை, முந்தானை, அகன்ற தொப்பி ஆகியவையும் பயன் தரும்.

இரவு: முன்போலவே கழுவி, முகம் நன்றாக உலர்ந்தபின், டாக்டர் குறித்த மருந்தைப் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லிதாகப் பூச வேண்டும். பருவின் மேல் மட்டும் அப்பி வைத்தல் பிழை. எரிச்சல் கண்டால், முதலில் ஈரங்காக்கும் குழம்பைப் பூசி அதன்மேல் மருந்தைப் பூசலாம்.

எண்ணெய் வழியும் முகத்துக்கு ஈரங்காக்கும் குழம்பு எதற்கு என்று பலர் கேட்பர். எண்ணெய் வேறு, நீர்ப்பசை வேறு. பருவுக்குரிய மருந்துகள் தோலின் நீர்ப்பசையைக் குறைப்பவை. அதனை ஈடுசெய்யாவிட்டால் எரிச்சல் தாங்காமல் இரண்டொரு வாரங்களிலேயே நோயாளி மருந்தைக் கைவிட்டுவிடுவார். கிளிசரின் கலந்த மெல்லிய குழம்பே போதுமானது.

நாட்டின் தட்பவெப்பத்துக்கேற்ப இம்முறையைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். சென்னை, மும்பை போன்ற கடற்கரை நகரங்களின் புழுக்கத்தில் குழம்பு மிகக் குறைவாகவே தேவைப்படும். வட இந்தியாவின் குளிர்கால வறட்சியில் காலையும் இரவும் பூச வேண்டியிருக்கும்.

மருந்துகள்

பருவுக்குப் பயன்படும் மேற்பூச்சு மருந்துகளுள் இரண்டு முதன்மையானவை. பென்ஸாயில் பெராக்ஸைடு பாக்டீரியாவைக் கொல்வது. இதன் வலுவைக் கூட்டினால் பயன் கூடும் என்பது சரியன்று. 2.5 சதவீதக் களிம்பு, அழற்சியுள்ள பருக்களைக் குறைப்பதில் 5, 10 சதவீதக் களிம்புகளுக்கு ஈடானது என்றும், எரிச்சல் குறைவானது என்றும் 1986ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. இம்மருந்து துணிகளின் சாயத்தை வெளுக்கச் செய்யும். ஆதலால் வெள்ளைத் தலையணை உறையைப் பயன்படுத்துமாறு கூற வேண்டும்.

மற்றொன்று ரெட்டினாய்டு வகை. வைட்டமின் ஏ-யுடன் தொடர்புடைய இம்மருந்துகள், குழலில் அடைப்பு ஏற்படுவதையே தடுப்பவை. இவ்வகையில் டிரெட்டினாயினின் பயனை அமெரிக்காவில் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1969ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்று அடாப்பலீன் என்னும் மருந்தும் மிகுதியாக வழங்கப்படுகிறது. இவற்றை இரவில் மட்டும் பூச வேண்டும். முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள் எனத் தொடங்கிப் படிப்படியாக நாள்தோறும் எனப் பழக்கப்படுத்த வேண்டும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயலும் பெண்களும் இவ்வகை மருந்தைத் தவிர்க்க வேண்டும்.

கிளிண்டாமைசின் போன்ற ஆண்டிபயாடிக் களிம்பைத் தனித்து நெடுநாள் பூசுவதால் பாக்டீரியா அம்மருந்துக்கு அடங்காத தன்மையைப் பெற்றுவிடுகிறது. ஆகையால் டாக்டர்கள் அதனைப் பென்ஸாயில் பெராக்ஸைடுடன் சேர்த்தே அளிக்கின்றனர்.

எம்மருந்தாயினும் பலன் தெரிவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அடைப்பு தொடங்கிப் பருவாக வெளிவருவதற்குப் பல வாரங்கள் ஆகும் என்று முன்னர்க் கூறியதை நினைவு கூர்ந்தால், இத்தாமதத்தின் காரணம் விளங்கும். பத்து நாள் பூசிவிட்டு, பயனில்லை என்று மருந்தை மாற்றுவதே பரு நீடிப்பதற்குப் பெருங்காரணங்களுள் ஒன்றாகும். பள்ளிப் பருவத் தேர்வுகளின் இடைவெளி ஏறத்தாழ மூன்று மாதம்; ஒரு தேர்வு முதல் அடுத்த தேர்வு வரை ஒரே முறையைக் கைக்கொள்ளுமாறு மாணவரிடம் கூறினால் அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

ஸ்டீராய்டுக் களிம்பின் அபாயம்

இந்தியாவில் பருவுள்ளோரை எதிர்நோக்கும் மிகப் பெரிய அபாயம், மருந்துக் கடைகளில் டாக்டரின் சீட்டின்றி வாங்கப்படும் ஸ்டீராய்டுக் களிம்புகளாகும். பெண் பார்க்க வரும் நாள் நெருங்கும்போதோ, திருமண நாள் குறித்தபின்னரோ, வீட்டார் இதனை வாங்கிவந்து மகளுக்குக் கொடுக்கின்றனர். அழற்சியை அடக்குவது ஸ்டீராய்டின் இயல்பு. ஆகவே, பூசிய சில நாட்களிலேயே சிவப்பு மறைந்து, பரு அமுங்கி, முகம் வெளுப்பாகவும் தோன்றும். இத்தோற்றமே மக்களை ஏமாற்றுகிறது. அக்கம்பக்கத்தாரும் அதே களிம்பைக் கேட்டு வாங்குகின்றனர்.

வாரக் கணக்கில் பூசியபின் உண்மை வெளிப்படும். தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவந்த இழைகளாகத் தெரியும்; முகத்தில் மயிர் வளரும்; முன்னைவிட மிகுதியாகப் பரு கிளம்பும். களிம்பை நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். அதனைத் தாங்காது மீண்டும் அதனையே பூசுவர். இவ்வாறு களிம்புக்கு அடிமையான நிலையை ‘ஸ்டீராய்டால் சேதமுற்ற முகம்’ என்று இந்திய சரும மருத்துவர்கள் பெயரிட்டு அழைக்கின்றனர். படர்தாமரையின் மேல் இக்களிம்பைப் பூசினால், அதன் அடையாளம் மறைந்து நோய் பரவும்.

இக்கேட்டைத் தடுக்கும் பொருட்டு மத்திய சுகாதார அமைச்சகம் 2018ஆம் ஆண்டில் ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை, டாக்டரின் சீட்டுடன் மட்டுமே விற்கத்தக்க ‘எச்’ அட்டவணையிற் சேர்த்தது. சட்டம் இருப்பினும், பொதுமக்கள் பெயர்களை அறிந்திருந்தாலன்றி முழுப் பயன் விளையாது. களிம்புக் குழாயின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபிடசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் ஆகியவற்றுள் ஒன்று எழுதப்பட்டிருந்தால் அது ஸ்டீராய்டு எனக் கொள்ள வேண்டும். மொமெட்டசோனுடன் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் ஆகிய இரண்டும் கலந்த களிம்பும் முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்பாகத் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. பெயர்களை நினைவில் வைக்க இயலாதவர்களுக்கு, உறையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டரின் சீட்டின்றிப் பூசலாகாது என்று கூறலாம்.

ஏற்கனவே மாதக் கணக்கில் இக்களிம்பைப் பூசி வருபவரைக் கண்டால், தாமாகவே திடீரென நிறுத்துமாறு கூறி அனுப்பிவிடுதல் சரியன்று. களிம்புக் குழாயையும் எடுத்துக்கொண்டு சரும மருத்துவரிடம் செல்லுமாறு சொல்ல வேண்டும். நிறுத்தும் முறையை அவரே வகுத்துக் கொடுப்பார்.

வீட்டுப் பழக்கங்கள்

எலுமிச்சைச் சாறு கடும் அமிலமுடையது. அதனைப் பூசி வெயிலில் சென்றால் தோல் கொப்புளித்துக் கறுக்கக்கூடும். பற்பசை தோலை எரிக்கும். முல்தானி மட்டியை எப்போதேனும் பூசிக் கழுவுவதால் பெருந்தீங்கு இல்லை. காய்ந்து இறுகும் வரை வைத்து உரசி எடுத்தலே தீங்கு.

தலைக்கு எண்ணெய் தடவும் வழக்கத்தை அறவே விட வேண்டுவதில்லை. எண்ணெய் நெற்றியில் வழிந்தால் அங்குள்ள மயிர்க்குழல்கள் அடைபடும். தலைமயிர்ப் பூச்சுகளால் நெற்றியில் பரு தோன்றுவதைக் கிளிக்மன் குழுவினர் 1970ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளனர். இரவில் எண்ணெய் தடவிக் காலையில் தலை முழுகுதலும், நெற்றியில் படாதபடி குறைவாகத் தடவுதலும் போதும். பருவைக் கிள்ளுதலும் பிதுக்குதலும் தழும்புக்கு நேர்வழியாகும்.

உணவைப் பொறுத்தமட்டில் கடும் பத்தியம் தேவையில்லை. இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றும் உணவுகளைக் குறைத்த இளைஞர்களுக்கு 12 வாரங்களில் பரு குறைந்ததாக ஆஸ்திரேலியாவில் 43 பேரைக் கொண்டு நடத்தி 2007ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு கூறுகிறது. இனிப்புப் பானங்களையும் மைதாப் பண்டங்களையும் குறைத்து, பயறு, கீரை, முழுத் தானியங்களைச் சேர்த்துக்கொள்வது பொதுவாகவும் நல்லதே.

டாக்டரிடம் அனுப்ப வேண்டியவர்கள்

ஆழமான வலியுள்ள கட்டிகள் உடையோர், தழும்பு விழத் தொடங்கியோர், மேற்கூறிய முறையை மூன்று மாதம் கைக்கொண்டும் குணமடையாதோர் ஆகியோரைத் தாமதமின்றி அரசினர் மருத்துவமனையின் சருமப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே வாய்வழி மருந்துகள் தேவைப்படலாம். அவற்றுள் ஐசோட்ரெட்டினாயின் என்பது கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் ஊனம் விளைவிக்கக் கூடியது. டாக்டரின் நேரடிக் கண்காணிப்பின்றி ஒருபோதும் உட்கொள்ளலாகாது.

மாதவிலக்கு ஒழுங்கின்றி, மேலுதட்டிலும் மோவாயிலும் மயிர் வளரும் பெண்களுக்குப் பருவின் காரணம் சினைப்பைக் கோளாறாக இருக்கலாம். அரிப்பு மிகுந்து, ஒரே அளவுள்ள சிறு கொப்புளங்கள் நெற்றியிலும் முதுகிலும் தோன்றினால் அது பூஞ்சையால் வந்ததாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. காசநோய்க்கு அளிக்கப்படும் ஐசோனியாசிட் சிலருக்குப் பருப் போன்ற கொப்புளங்களைத் தோற்றுவிக்கும். அத்தகையோர் அதன் பொருட்டுக் காசநோய் மருந்தை நிறுத்திவிடாதபடி ஊழியர்கள் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

ஆசிரியரின் கடமை

பருவின் காயம் தோலோடு நிற்பதில்லை. பள்ளிக்கு வர மறுத்தல், வகுப்பில் எழுந்து பேசக் கூசுதல், எந்நேரமும் முகத்தை மறைத்துக் கொள்ளுதல், உறக்கமின்மை ஆகியவை தென்பட்டால் அவற்றைச் சிறு விஷயம் என்று ஒதுக்கலாகாது. பலர் முன்னிலையில் ஒருவருடைய முகத்தைச் சுட்டிக் காட்டி அறிவுரை கூறுதல் தகாது. தோல் பற்றிய பாடத்தை வகுப்பு முழுவதற்கும் பொதுவாக நடத்திவிட்டு, வேண்டியவரைத் தனியே அழைத்துப் பேசலாம். 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்னும் தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் ஆலோசனை நிலையங்களுக்கும் அவர்களை அனுப்பலாம்.

ஆத்திரப்பட்டுத் தேய்ப்பதாலும் எரிப்பதாலும் பரு நீங்குவதில்லை. குறைவான பொருள்கள், மென்மையான கை, மூன்று மாதப் பொறுமை ஆகிய மூன்றுமே தழும்பின்றி முகத்தைக் காக்க வல்லவை. இதனை ஒரு மாணவருக்கேனும் உரிய காலத்தில் எடுத்துச் சொல்லி, அவர் கையிலுள்ள ஸ்டீராய்டுக் களிம்பை அடையாளம் காட்டிவிட்டால், அவ்வாசிரியர் செய்த உதவி அம்மாணவருடைய வாழ்நாள் முழுவதும் பயன்படும்.

வகுப்புக்கான வினாக்கள்

1. கருநிற முளையின் நிறம் எதனால் உண்டாகிறது? அதனைத் தேய்த்து அகற்ற இயலாதது ஏன்?

2. சிவப்பு லிட்மஸ் தாள் சோப்புக் கரைசலில் நீலமாவதிலிருந்து நாம் அறிவது யாது?

3. பருவுக்குரிய மருந்தைப் பருவின் மேல் மட்டும் பூசாமல் முகம் முழுவதும் பூசுவது ஏன்?

4. மருந்தின் பலன் தெரிய எட்டு வாரங்களுக்கு மேல் ஆவதன் காரணம் யாது?

5. வீட்டிலுள்ள களிம்புக் குழாய் ஒன்றை எடுத்து, அதிலுள்ள மருந்துப் பெயர்களையும், சிவப்புக் கோடு உள்ளதா என்பதையும் பார்த்து எழுதுக.